லிஸ்பெத் வரையாத கதவு

போன வாரம் சிசெலைச் சமையலறையில், காதில் போனோடு, வாயடைத்துப் போன நிலையில் விட்டுவிட்டு வந்தோம்.

"போர்ன்ஹோம் தீவுல இருக்கேன். ஈவர்னு ஒருத்தர். வசந்தத்துல இங்கயே வந்துடப் போறேன். அப்பாகிட்ட நீ சொல்லாதே, நானே சொல்லிக்கறேன்" என்று அம்மா லிஸ்பெத் ஒரே மூச்சில் சொல்லி முடித்திருந்தாள்.

அம்மாவும் அப்பாவும் பிரிந்து பதினொரு வருஷம் ஆகிவிட்டது. யாரும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. சிசெலும் சின்னக் குழந்தை இல்லை, முப்பது தாண்டியவள். ஆனாலும் அப்பாவின் ஆபீசில், அவர் எதிரில் உட்கார்ந்து காபி குடிக்கும்போதெல்லாம், அந்த ஒரு வாரமும் அவள் கோப்பையைப் பார்த்தே பேசினாள்.

அதுவும் இந்தச் சமயத்திலா?

இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் இருவரும் சேர்ந்து ஒரு வீட்டில் வேலை செய்கிறார்கள். அம்மா வரைகிறாள். அப்பா தோர்கில் கட்டுகிறார். திஸ்வில்தே கடற்கரையில், மணல்மேட்டுக்கும் பைன் காட்டுக்கும் நடுவே, ஹென்னிங் – விபெக்கே தம்பதிக்காக ஒரு வீடு.

ஹென்னிங் கப்பல் சாமான்கள் விற்று வசதியானவர். பணம் இருப்பவருக்கு வீடு வரைந்து கொடுக்க ஆள் கிடைக்காமலா போய்விடும்? ஆனால் ஒரு கோடையில், அவரும் விபெக்கேயும் சிநேகிதர் வீடு ஒன்றில் தங்கியிருந்தார்கள். காலையில் எழுந்ததும் விபெக்கே, "இந்த வீட்டுல எனக்கு நல்லாத் தூக்கம் வந்தது. யாரு கட்டினது?" என்று கேட்டாளாம். லிஸ்பெத் வரைந்து தோர்கில் கட்டிய பழைய வீடு அது. "அதே ரெண்டு பேர்தான் வேணும்" என்று ஹென்னிங் பிடிவாதமாக நின்றுவிட்டார்.

"அவ ஒத்துக்கிட்டா எனக்குச் சரி" என்றார் தோர்கில்.

"அவன் ஒத்துக்கிட்டா எனக்குச் சரி" என்றாள் லிஸ்பெத்.

மற்றவர் மறுத்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் இருவரும் அப்படிச் சொன்னார்கள் என்பது சிசெலின் கட்சி.

எப்படியோ, கூரை மரம் ஏறிவிட்டது. செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. இன்று முகட்டு விருந்து.

*

"மேஸ்திரி, வளையம் கோணலா இருக்கு" என்று சாரத்தின் மேலிருந்து கத்தினான் கார்ஸ்தன். தோர்கிலிடம் இருபது வருஷமாக இருக்கும் தச்சன்.

"வட்டத்துல கோணல் ஏதுடா?" என்று கீழேயிருந்து பதில் போனது.

"நீங்க கட்டின வட்டத்துல இருக்கு."

வேலையாட்கள் சிரித்தார்கள். பைன் கிளைகளை வளைத்துக் கட்டிய பச்சை வளையம், சிவப்பு ரிப்பனோடு முகட்டில் ஏறக் காத்திருந்தது. கூரை மரம் ஏறிய அன்று வீட்டுக்காரர் எல்லோருக்கும் பீரும் சாசேஜும் போட வேண்டும். போடாத கஞ்சனின் வீட்டு முகட்டில் வளையத்துக்குப் பதில் வைக்கோல் பொம்மை தொங்கும். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்துச் சிரிப்பார்கள்.

சிசெல் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். புதிதாக அறுத்த மரத்தின் வாசனை. கண்ணை மூடிக்கொண்டால் அவளுக்கு ஆறு வயதுதான்.

அந்த நாளில் வருஷத்துக்கு இரண்டு முகட்டு விருந்தாவது இருக்கும். பிறந்தநாளை விட அவளுக்கு அதுதான் பெரிசு. மரச்சுருளைக் காதில் தோடாக மாட்டிக்கொண்டு, கடுகுச் சாந்து கன்னமெல்லாம் அப்பியிருக்க, தச்சர்களின் தோளில் ஏறித் திரிவாள். களைத்துப்போனால் மரத்தூள் மூட்டையின் மேல் படுத்துத் தூங்கிவிடுவாள். மழை வந்தால் அம்மா வரைபடச் சுருளை அவள் தலைக்கு மேல் பிடித்தபடி காருக்கு ஓடுவாள். அப்பா பின்னாலிருந்து, "புள்ள நனைஞ்சாக் காஞ்சிடும்டி, பிளான் நனைஞ்சா என்ன பண்ணுவே?" என்று கத்துவார்.

ஒவ்வொரு வீடும் சாப்பாட்டு மேஜையில்தான் ஆரம்பித்தது. அம்மா தட்டை ஒதுக்கிவிட்டு வரைவாள். அப்பா உருளைக்கிழங்கை மென்றுகொண்டே எட்டிப் பார்த்து ஏதாவது குற்றம் சொல்வார். முள்கரண்டிகளை முட்டுக்கொடுத்துக் கூரை நிறுத்திக் காட்டுவார். அம்மா நடுவிலிருந்து ஒரு கரண்டியை உருவுவாள். விழுந்தால் அப்பா ஜெயித்தார், நின்றால் அம்மா.

அதோடு விடமாட்டார்கள். மறுநாள் அப்பா மலிவுப் பலகையில், அதே அளவில், அறையின் ஒரு மூலையை மட்டும் மனையில் அடித்து நிறுத்துவார். அம்மா அதற்குள் நாற்காலி போட்டு உட்காருவாள். எழுந்து நிற்பாள். "ஜன்னல் இன்னும் ஒரு சாண் கீழ இறங்கணும்" என்பாள். முனகிக்கொண்டே இறக்குவார். இறக்கிவிட்டு அவரே உட்கார்ந்து பார்ப்பார். வெகுநேரம் பார்ப்பார். வீடு முடியும்போது எந்த யோசனை யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது.

பிறகு அம்மாவுக்குக் கோபன்ஹேகனில் பெரிய ஆபீஸ் வந்தது. வரைபடம் கம்ப்யூட்டரில் வந்து சேர்ந்தது. அப்பா அதை அப்படியே கட்டினார். வீட்டில் சத்தமே இல்லை. சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு மட்டும் இருந்தது. இரவில் தலையணைக்குள் முகம் புதைக்காமல் தூங்க முடிந்ததில் சிசெலுக்குக்கூட அந்த அமைதி பிடித்திருந்தது.

அடுத்த வருஷமே அம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

லிஸ்பெத்தின் நீலக் கார் மணல் பாதையில் ஆடி ஆடி வந்து நின்றது.

இறங்கியவளின் முகம் வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தது. கழுத்தில் புதிதாக ஒரு பச்சைத் துணி. மகளைக் கட்டிக்கொண்டு காதருகே, "சொல்லலையே?" என்றாள்.

"நான் ஏன் சொல்லணும்? நீயே சொல்லு. இன்னைக்கே சொல்லு. என்னால முடியலம்மா."

"சாயங்காலம் சொல்றேன்."

"சத்தியமா?"

"ஏய், நான் உனக்கு அம்மாவா, நீ எனக்கு அம்மாவா?" என்று கன்னத்தில் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"தோர்கில்!"

பலகை அடுக்கிலிருந்து சிசெல் தானாக எழுந்து நின்றாள். அந்தக் குரலை அவள் பதினொரு வருஷமாகக் கேட்டதில்லை.

இந்த வீட்டின் முதுகெலும்பே ஒரு சுவர். வாசலில் ஆரம்பித்து, வீட்டின் முழு நீளத்துக்கும் ஓடி, கடலைப் பார்த்த பெரிய அறையில் போய் முடியும் கனமான மரச்சுவர். கூரையின் நடுப்பாரத்தைத் தாங்குவது அதுதான் என்பதால் முதலில் எழுந்ததும் அதுதான். இடுப்பு உயரத்தில், விரல் நுழையும் அகலத்துக்கு ஒரு பள்ளம் அதன் நீளம் முழுக்க ஓடியது. லிஸ்பெத்தின் வரைபடத்தில் அந்தச் சுவரில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை.

இப்போது நட்டநடுவில் ஒரு வாசல் இருந்தது.

"நான் இதை வரையலையே" என்றாள் லிஸ்பெத்.

"நான்தான் வெட்டினேன்" என்றார் தோர்கில். "பயப்படாதே, மேல இரும்பு கொடுத்திருக்கேன். கூரை நிக்கும்."

"கூரையைப் பத்தி யாரு கேட்டா? எதுக்கு வெட்டினே?"

"சமையலறை எங்க இருக்கு? இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். போறதுக்கு வழி எங்க இருக்கு? கடல் அறைக்குள்ள. வாசல்ல நுழைஞ்சு, கோடி வரைக்கும் நடந்து, சுத்திக்கிட்டுத் திரும்பி வரணும். ரெண்டு கையிலயும் மளிகைப் பையோட ஒரு மனுஷி தினம் இதை நடப்பாளா? நீ நடப்பியா?"

"யோசிச்சுத்தான் வரைஞ்சேன்."

"யோசிச்சா இப்படி வரைய மாட்டே. நீளமா ஒரு சுவர், பாக்க அழகா இருக்கு. பத்திரிகைல படம் வரும்."

லிஸ்பெத்தின் காது மடல் சிவந்தது. "என்னைக் கேட்டிருக்கலாம்."

"ரெண்டு தடவை போன் பண்ணேன். எடுக்கல. இவளைக் கேட்டா அம்மா ஊர்ல இல்லைங்கறா. எந்த ஊருக்குப் போயிருக்கான்னா மழுப்பறா. இங்க இரும்பு வந்து இறங்கிடுச்சு, கிரேன்காரன் நிக்கறான். நான் என்ன பண்ணட்டும்?"

பின்னாலேயே உள்ளே வந்திருந்த சிசெல் அண்ணாந்து கைமரங்களை எண்ணுவதுபோல் பாவனை செய்தாள்.

"சரி. மறுபடி மூடிடு."

"காரணம் சொல்லு, மூடறேன்."

"காரணம் இருக்கு."

"என்ன?"

"சொல்ல முடியாது."

தோர்கில் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபத்தை விட ஆச்சரியம்தான் அதில் அதிகம். "ஏன்னு கேட்டா நீ பதில் சொல்லாம இருந்ததே இல்லையே லிஸ்பெத். தூங்கறவனை எழுப்பி உட்கார வெச்சுச் சொல்லுவியே."

"இதைச் சொல்ல முடியாது. அவ்வளவுதான். இந்தக் கதவு இருந்தா இந்த வீட்டுல என் பேர் இருக்கக் கூடாது. நீயே வரைஞ்சு நீயே கட்டினதா இருக்கட்டும்."

வெளியே கார் கதவுகள் சாத்தும் சத்தம். "பீர் வந்தாச்சு!" என்று யாரோ கூவினார்கள்.

*

விருந்துக்கு மேஜை இல்லை. சுவரிலிருந்து வெட்டி எடுத்த மரத்துண்டையே மரம் அறுக்கும் இரண்டு தாங்கிகளின் மேல் போட்டு, கார்ஸ்தன் மேஜை ஆக்கியிருந்தான். அதன்மேல் சாசேஜ், வறுத்த வெங்காயம், கறுப்பு ரொட்டி, பீர். லிஸ்பெத் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

வளையம் முகட்டில் ஏறியது. எல்லோரும் மூன்று முறை ஹோ போட்டார்கள். கழுத்தில் டை கட்டியிருந்த ஹென்னிங் வேலையாட்கள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி நன்றி சொன்னார். இரண்டு பேரை மாற்றிச் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள்.

"இப்ப பழைய மாதிரி மேஸ்திரியும் அம்மாவும் பேசணும்!" என்று கார்ஸ்தன் கையைத் தூக்கினான்.

அந்த நாளில் விருந்தில் சாப்பாட்டை விட இதற்குத்தான் கூட்டம். வீட்டின் மேல் நின்று தோர்கில் வரைபடத்தைக் கிண்டல் செய்வார். கீழே நின்று லிஸ்பெத் கட்டடத்தைக் கிண்டல் செய்வாள். "இவ வரைஞ்ச மாடிப்படில ஏறினா மாடி வராது, மூச்சுதான் வரும்" என்பார் அவர். "இவர் வெச்ச கதவைச் சாத்தினா வீடே நகர்ந்து வழி விடும்" என்பாள் இவள். தச்சர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கடைசியில் அவர் இறங்கி வந்து எல்லோர் முன்னாலும் அவளை முத்தமிடுவார். சிசெல் வெட்கத்தில் மரத்தூளுக்குள் தலையை விட்டுக்கொள்வாள்.

"இன்னைக்குத் தொண்டை சரியில்ல" என்றாள் லிஸ்பெத்.

"எனக்கும்தான்" என்றார் தோர்கில்.

கார்ஸ்தனின் கை மெதுவாக இறங்கியது. கூட்டத்துக்கு ஏதோ புரிந்தது. எல்லோரும் அவசரமாக ரொட்டியைக் கடித்தார்கள்.

*

விபெக்கே தன் கண்ணாடிக் கோப்பையோடு தனியாக வீட்டுக்குள் போனதை சிசெல்தான் பார்த்தாள்.

வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் அவள். மெலிந்த உடம்பு, நிமிர்ந்த நடை. துணைக்குப் போகலாம் என்று சிசெல் பின்னாலேயே நடந்தாள். உள்ளே தோர்கில் தான் வெட்டிய வாசலுக்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு அதையே முறைத்தபடி நின்றிருந்தார்.

விபெக்கே இடது கை விரல்களைச் சுவரின் பள்ளத்தில் வைத்தாள். பிறகு நடந்தாள். சாரமும் பலகையும் கிடக்கும் புது வீட்டில் யாரும் அப்படி நடக்க மாட்டார்கள். கீழே பார்க்கவே இல்லை. பல தடவை மனதுக்குள் நடந்து பார்த்த வழிபோல, விறுவிறுவென்று, சின்னப் புன்னகையோடு.

வெட்டிய வாசல் வந்ததும் அவள் விரல்கள் காற்றில் விழுந்தன. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கோப்பை தரையில் விழுந்து நொறுங்கியது. தோர்கில் பாய்ந்து அவள் முழங்கையைப் பிடித்தார்.

"இங்க சுவர் இருக்கணுமே?" என்றாள் விபெக்கே. குற்றம் சொல்கிற குரல் இல்லை. தெரிந்த தெருவில் வழி தவறியவளின் குரல்.

"கதவுங்க. நான்தான்... காலை நகர்த்தாதீங்க, கண்ணாடி கிடக்கு."

"எங்க?"

காலடியில் கிடந்தது. அவள் தலையைக் குனிந்து, இங்கும் அங்கும் திருப்பி, மெதுவாகத் தேடித்தான் அதைக் கண்டுபிடித்தாள். தோர்கில் அவள் கையை விடவில்லை. அவர் முகம் மாறுவதை சிசெல் பார்த்தாள்.

"குழாய் வழியாப் பாக்கற மாதிரி இருக்கும்" என்றாள் விபெக்கே. "நேரா இருக்கறது தெரியும். பக்கத்துல இருக்கறது தெரியாது. குழாய் வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிட்டே வருது. ஒரு நாள் மூடிக்கும். எப்பன்னு டாக்டருக்கும் சொல்லத் தெரியல."

"லிஸ்பெத்துக்கு..."

"தெரியும். அதனாலதான் இந்தச் சுவர். இதைப் பிடிச்சுக்கிட்டே போனா கடல் வரைக்கும் போயிடலாம், யாரையும் கூப்பிட வேண்டாம்னாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் அவங்ககிட்ட வாக்கு வாங்கினேன். என் பசங்களுக்கே இன்னும் சொல்லல."

"எங்ககிட்ட ஏங்க மறைக்கணும்?"

"நான் வந்தா எல்லாரும் சுத்தியலைக் கீழ வெச்சுட்டு ஒதுங்கி நிப்பீங்க. பாவமாப் பாப்பீங்க. சத்தம் நிக்காத வீட்டுக்குள்ள நான் நடக்கணும்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்."

தோர்கில் அவள் கையை மெதுவாக விட்டார். குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வீட்டின் முன்வாசல்வரை நடந்து போனார். திரும்பி நின்றார். கண்களை இறுக மூடிக்கொண்டு, பெரிய காய்த்த கையைச் சுவரில் வைத்தபடி நடக்க ஆரம்பித்தார்.

அவ்வளவு பெரிய மனிதர், குழந்தைபோல் ஒவ்வொரு அடியாகத் தேய்த்துத் தேய்த்து வந்தார். வெட்டிய இடத்தில் கை நழுவியது. அங்கேயே நின்றார். கண்ணைத் திறக்கவில்லை.

"லிஸ்பெத்!" என்று கத்தினார்.

அவள் ஓடி வந்தாள். விபெக்கேயையும் உடைந்த கோப்பையையும் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

"எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"உனக்கா? மறுநாளே வீடு பூரா கைப்பிடி அடிச்சிருப்பே. ஆஸ்பத்திரி மாதிரி ஆயிருக்கும்."

முதலில் சிரித்தது விபெக்கேதான்.

"சரி, அடிச்சிருப்பேன்" என்று தோர்கில் ஒப்புக்கொண்டார். "ஆனா மளிகைப் பையோட சுத்தி வரணுமேன்னு நான் சும்மா சொல்லல."

"நிஜம்தான்" என்றாள் விபெக்கே தயங்கி. "எனக்கும் அது தோணினது. சுமையோட அவ்வளவு தூரம் நடக்கணுமேன்னு. ரெண்டு கையிலயும் பை இருந்தா, எந்தக் கையால சுவரைப் பிடிக்கறது..."

லிஸ்பெத் திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். "ஏங்க இதை எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அவ்வளவு ஆசையா வரைஞ்சிருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

லிஸ்பெத் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டாள். சிசெலுக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த வீட்டில் தான் நினைத்த ஒன்றாவது சரியாக இருக்க வேண்டுமே என்பதுபோல் அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சமையலறை வெளிச்சுவர்ல என்ன வெச்சிருக்கே?" என்றார் தோர்கில்.

"அலமாரி."

"அதை நகர்த்து. அங்க ஒரு கதவு வைக்கலாம். காரை அந்தப் பக்கம் நிறுத்தினா பை நேரா சமையலறைக்குப் போயிடும். சுவர் சுவராவே இருக்கட்டும்."

"அலமாரியை எங்க கொண்டுபோறது?"

"அது உன் தலைவலி."

லிஸ்பெத் தரையில் மண்டியிட்டாள். கையை நீட்டினாள். தோர்கில் காதிலிருந்த பென்சிலை எடுத்து அதில் வைத்தார். பீர் அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் உட்புறத்தில் வரைய ஆரம்பித்தாள். அவரும் முட்டி சொடுக்கப் பக்கத்தில் உட்கார்ந்தார். "கதவு உள்ள திறக்கக் கூடாது." "தெரியும்." "தெரிஞ்சா ஏன் அப்படி வரையறே?" "முடிக்கவிடு முதல்ல!" விபெக்கேயும் குனிந்து, தன் விரலை அட்டையில் வைத்து, "அப்ப அடுப்பு எங்க வரும்?" என்று கேட்டாள்.

சிசெல் வெளியே வந்து அழுதாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

*

விருந்து மேஜை காலியானதும் கார்ஸ்தன் கடுகுச் சாந்தைத் துடைத்தான். மேஜையாகக் கிடந்த சுவர்த்துண்டைத் தோர்கிலும் கார்ஸ்தனும் ஒரு பக்கம், ஹென்னிங்கும் லிஸ்பெத்தும் சிசெலும் மறுபக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ஹென்னிங் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு முக்கினார். துண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. விபெக்கே பள்ளத்தில் விரல் வைத்து மறுபடி நடந்தாள். ஒட்டு வந்த இடத்தில் விரல் லேசாக நின்று, கடந்து போனது.

"இன்னும் இழைக்கணும்" என்றார் தோர்கில்.

"இழைக்காதீங்க" என்றாள் விபெக்கே. "பாதி வழி வந்துட்டேன்னு தெரியறதுக்கு இருக்கட்டும்."

எல்லோரும் போன பிறகு வெயில் மட்டும் மிச்சமிருந்தது. தோர்கில் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். லிஸ்பெத் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். இருவர் முகத்திலும் பழைய வீடுகளின் களை. சிசெலுக்கு அதைக் கலைக்க மனமில்லை. "சாயங்காலம்" என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்து, நழுவப் பார்த்தாள்.

"நீயும் இரு" என்றாள் லிஸ்பெத்.

"போன் ஏன் எடுக்கல?" என்றார் தோர்கில், திரும்பாமலே.

"போர்ன்ஹோம்ல இருந்தேன்."

"அந்த ஊர்ப் புகை போட்ட மீன் சாப்பிடவா?"

"ஈவர்னு ஒருத்தர் இருக்கார். மாட்டு டாக்டர். ரெண்டு வருஷமாத் தெரியும். வசந்தத்துல அங்கயே போயிடறேன்."

கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவர் கழுவிக்கொண்டே இருந்தார்.

"நல்ல மனுஷனா?"

"நல்ல மனுஷன். அதிகமாப் பேச மாட்டார்."

"உனக்கு அது கஷ்டமாச்சே."

"பழகிக்கறேன்."

குழாயை மூடினார். மகளைப் பார்த்தார். "அதான் ஒரு வாரமா என் மூஞ்சியைப் பாக்காமலே பேசினியா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சரி. சந்தோஷமா இரு, லிஸ்பெத்" என்றார். ஆணி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற அதே குரல். கை துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

"நான் இன்னும் முடிக்கல" என்றாள் லிஸ்பெத்.

"இன்னும் என்ன?"

"அங்க ஒரு மனை வாங்கியிருக்கோம். கடலுக்கு மேல, சரிவுல. வீடு வரைஞ்சிட்டேன்." பைக்குள் வைத்த அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "ஊரெல்லாம் கட்டினோம். நாம ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் உன்னோட அப்பா வீட்டுலதானே இருந்தோம்? எனக்குன்னு வரையறது இதுதான் முதல் தடவை."

"தீவுல கட்டறவங்க இருப்பாங்க."

"இருக்காங்க. போய்ப் பேசினேன். நல்ல ஆளுங்க. வரைஞ்சதை வரைஞ்ச மாதிரியே கட்டித் தரோம்னாங்க. எனக்கு பயமாயிடுச்சு."

"அதுல என்ன பயம்?"

"வரைஞ்ச மாதிரியே கட்டிடுவாங்களேன்னுதான்." லிஸ்பெத் அவருக்கு எதிரே வந்து நின்றாள். "நீதான் கட்டித் தரணும்."

"அம்மா!" என்றாள் சிசெல்.

தோர்கில் கடலைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். சிசெலுக்கு அப்பாவின் முதுகைத் தொட வேண்டும்போல் இருந்தது. தொடவும் பயமாக இருந்தது.

"அடியில என்ன மண்ணு?" என்றார் கடைசியில்.

"பாறை."

"கருங்கல்லா?"

"கருங்கல்."

"ஞாயித்துக்கிழமை கப்பல் உண்டா?" என்று சிசெலைக் கேட்டார். "கட்டறேன்னு சொல்லல. பாறையைப் பாத்துட்டு வரேன்னுதான் சொல்றேன்."

"உண்டுப்பா."

வண்டிக் கதவைத் திறந்தவர், ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு நின்றார்.

"அந்த மாட்டு டாக்டருக்கு நான் யாருன்னு தெரியுமில்ல?"

லிஸ்பெத் பைக்குள் கைவிட்டுக் கார்ச்சாவியைத் தேடினாள். வெகுநேரம் தேடினாள்.

"நல்லாக் கட்டறவர்னு சொல்லியிருக்கேன்."

"அதோட?"

"அதோட நிறுத்திட்டேன்."